வாசலுக்கு ஒரு காகிதத் தோரணம்

போன பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், வாசலில் கட்டுவதற்குக் காகிதத் தோரணம் ஒன்று செய்யச் சொன்னாள் அம்மா. அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்குக் காட்டுவதற்காக. அவன் உயிரோடு இல்லை என்பது எங்கள் வீட்டில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தேதான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.

எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, வள்ளூர் பக்கம் கான்ட்ராக்ட் வேலை இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு அண்ணன் கிளம்பினான். மூன்றாம் நாளிலிருந்து போன் ஸ்விட்ச் ஆஃப். இதற்கு முன்பும் நாலைந்து நாள் காணாமல் போய், குடித்துவிட்டுச் சிவந்த கண்ணோடு வந்து நின்றிருக்கிறான். அதனால் நாங்கள் உடனே தேடவில்லை. தேட ஆரம்பித்தபோது யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். ஆவணியில் ரயில்வே போலீசிலிருந்து கூப்பிட்டார்கள். தண்டவாளத்தில் கிடந்த ஒரு ஆளை யாரும் தேடி வராததால் அடக்கம் செய்துவிட்டார்களாம். போட்டோ இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார்கள்.

நைனாவும் நானும் போனோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்டேஷன் வாசல் வரை வந்தவர் அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போய் பாரும்மா. எனக்குக் கண்ணு சரியா தெரில" என்றார்.

கண்ணெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். பயிரில் பூச்சி விழுந்தால் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுகிற மனிதர். நான் உள்ளே போனேன்.

முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. சட்டை எந்தச் சட்டையாகவும் இருக்கலாம். கடைசிப் படத்தில் வலது கை மட்டும் தனியாக இருந்தது. ஆள்காட்டி விரல் பாதிதான். அண்ணன் காக்களூரில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது கை நழுவிப் போன விரல் அது. தையல் போட்ட தோல் ஒரு பக்கமாகத் திரண்டு முடிச்சு மாதிரி நிற்கும். அண்ணிக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்பதால் நாற்பது நாள் அந்த விரலுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் நான். என் விரலை நான் மறந்தாலும் அதை மறப்பேனா? படத்தில் அந்த முடிச்சு அப்படியே இருந்தது.

"இல்ல சார், இது எங்க அண்ணன் இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் யோசித்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருத்தியிருக்கலாம். ஆனால் வெளியே வந்து, "அது இல்ல நைனா" என்றதும் அவர் இரண்டு கையையும் தூக்கி யாரையோ கும்பிட்டார். எதிரே இருந்த டீக்கடையில் இரண்டு பன் வாங்கி, டீயில் முக்கி முக்கித் தின்றார். நாலு நாளாகப் பச்சைத் தண்ணீரில் இருந்த மனிதர். இன்னொரு பன் வேண்டும் என்று கேட்டார். அவர் வாயில் பன் இருக்கும்போது நான் எப்படித் திருத்துவேன்?

பிறகு எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். பிரஸ் ஓட்டினவன் கையில் விரல் குறைவதெல்லாம் இந்தப் பக்கத்தில் ஒரு அடையாளமா? நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் வேலை செய்கிறேன். எங்கள் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கு இரண்டு விரல் இல்லை. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவருக்கு ஒன்றரை. யாரோ ஒரு பாவப்பட்ட மனிதன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். பகல் முழுக்க அந்தச் சமாதானம் தாங்கும். வீட்டுக்கு வந்து அண்ணி கையிலிருந்து தட்டை வாங்கும்போது தாங்காது.

போகிக்கு முந்தின நாள் பெரியம்மா வந்தாள். அம்மாவின் அக்கா. கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே போகும் எங்கள் ஊரிலேயே இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் பண்டிகை கிடையாது. பொங்கல் வைக்க மாட்டார்கள், கோலத்தில் கலர் தூவ மாட்டார்கள். மற்றவர்கள் தங்கள் பானையிலிருந்து எடுத்துவந்து கொடுப்பார்கள்.

"நீ பொங்கல் கிங்கல் வெக்காதடி. நான் கொண்ணாந்து குடுக்கறேன்" என்றாள் பெரியம்மா.

அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. "யார் ஊட்ல இன்னா ஆயிப்போச்சின்னு நீ கொண்ணாந்து குடுப்ப?"

"அஞ்சு மாசத்துக்கு மேல ஆவுது. இருந்தா ஒரு போன் பண்ண மாட்டானா? ஒரு காரியத்தப் பண்ணி உட்டா அவனுக்கும் நல்லது. அந்தப் பொண்ணுக்கும் ஒரு வழி பொறக்கும். சின்ன வயசு."

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணியின் கை ஒரு நிமிஷம் நின்றது. மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எம்புள்ள கீறான். நல்லாத்தான் கீறான். எழுந்து போ மொதல்ல, எதுனா சொல்லிடப்போறேன்" என்று அம்மா கத்தினாள். பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு போனாள். அவள் தலை மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கம்பெனில இன்னாமோ பேப்பர்ல தோரணம் பண்ணேன்னு சொன்னியே. அத மாதிரி ஒண்ணு நம்ம ஊட்டுக்குப் பண்ணு. ரோட்ல போறவன் வர்றவன் பாக்கற மாதிரி. பொங்கலோ பொங்கல்னு பெருசா எழுது. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இவ கொண்ணாந்து குடுக்கறான்னு பாக்கறேன்."

என் வாய்க்கொழுப்பு! கம்பெனியில் செய்ததை வீட்டில் வந்து பெருமையடிக்காமல் இருந்திருக்கலாம். அதிலும் பாதி அசிங்கம்தான். நான் புத்திசாலித்தனமாக, முக்கோணக் கொடி ஒன்றுக்கு ஒரு எழுத்து என்று பிரித்தபோது, 'பொ'வை மூன்றாக்கிவிட்டேன். கொம்பு ஒரு கொடியில், ப ஒரு கொடியில், கால் ஒரு கொடியில். ஃபேன் காற்றில் கால் இருந்த கொடி மட்டும் கழன்று விழுந்துவிட்டது. மத்தியானம் வரை செக்ஷன் முழுக்க 'பெங்கல்' கொண்டாடினார்கள். சூப்பர்வைசர் கூட, "இன்னாம்மா, பெங்கலுக்கு எத்தினி நாள் லீவு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

இந்தக் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கும் அண்ணிக்கும் ஆகாது என்று ஊரே சொல்லும். அவள் வந்து மூன்று வருஷம். சார்ஜருக்கு ஒரு நாள், தலையில் வைக்கிற ஹேர்பின்னுக்கு ஒரு நாள், தேங்காயைக் கொஞ்சமாகத் துருவினதற்கு ஒரு நாள் என்று சண்டை இல்லாமல் எங்களுக்குப் பொழுது போனதே இல்லை. அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு, "பேஜாரு புடிச்ச ஊடுடா இது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். எனக்கு அவளைப் பிடிக்காது என்பதில்லை. சண்டை போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது அவளை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன் என்று பாருங்கள். காரியம் செய்தால் அன்றைக்கே அவள் தாலியைக் கழற்றுவார்கள். செய்யாவிட்டால் வரவே போகாத ஆளுக்காக, குழந்தை குட்டி இல்லாமல், எங்கள் வீட்டுப் பாத்திரத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தேய்த்துக்கொண்டிருப்பாள். நான் சொல்லாத ஒரு வார்த்தையில் அவள் வாழ்க்கை நின்றுகொண்டிருந்தது. சொன்னால் அம்மா என்ன ஆவாள்? இரண்டு பேரில் யாரைக் கொல்வது என்கிற மாதிரி இருந்தது.

போகி அன்றைக்கு எனக்கு வாரலீவு. காலையில் தெருவில் எரித்த பாயும் டயருமாகப் புகை மண்டிக்கிடந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கலர் பேப்பரை விரித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அம்மா புது அரிசியை எடுத்துக்கொண்டு மாவு மெஷினுக்குப் போயிருந்தாள். நைனா கழனியில் இருந்தார். அண்ணி அடுப்பில் மைதாப் பசை காய்ச்சிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் இன்னா பண்ணட்டும்?"

"மடிச்சா முக்கோணமா வர்ற மாதிரி வெட்டு" என்றேன்.

வேலை என்னவோ சின்னது. சிவப்பு, மஞ்சள், பச்சைக் காகிதங்களைச் சாய்சதுரமாக வெட்டி, நூலின் மேல் நடுவில் மடித்து, இரண்டு பாதியையும் பசையால் ஒட்டினால் முக்கோணக் கொடி தொங்கும். அதன் மேல் தங்க நிற ஜிகினா பேப்பரில் எழுத்தை வெட்டி ஒட்ட வேண்டும். நூலுக்கு யூரியா மூட்டையின் வாயைத் தைத்திருந்த வெள்ளை நூலைப் பிரித்து மூன்றாக முறுக்கினேன். அதைவிட உறுதியான நூல் கடையில் கிடைக்காது. இந்தத் தடவை பொ, ங், க, லோ, பொ, ங், க, ல் என்று எட்டே கொடி. கொம்பையும் காலையும் எழுத்தோடு சேர்த்தே வெட்டினேன்.

ஜிகினா பேப்பர் புள்ளிக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. இரண்டு 'ங'வுக்கும் கடைசி 'ல'வுக்கும் மேலே வைக்கப் புள்ளி இல்லை. கடைக்குப் போகலாம் என்றால் போகி அன்றைக்கு இருக்கிற கூட்டத்தில் யார் போவது?

"இரு" என்று எழுந்துபோன அண்ணி அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவந்தாள். கருஞ்சிவப்பில் வட்டப் பொட்டு. ஒன்றை எடுத்து 'ங'வின் தலையில் ஒட்டினாள்.

"ரோட்லேர்ந்து பாத்தா தெரியாது" என்றேன்.

அதன் பக்கத்தில் இன்னொன்று, அதைச் சுற்றி இன்னும் ஆறு என்று ஒட்டி ஒரு பெரிய புள்ளியாக்கினாள். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த 'ங'வுக்கும் அப்படியே. 'ல'வுக்கும் அப்படியே. அதற்கு மேலும் நிறுத்தாமல், மிச்சம் இருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து 'லோ'வின் ஓரத்தில் வரிசையாக ஒட்ட ஆரம்பித்தாள். அட்டை வெறும் வெள்ளையாகிவிட்டது.

"இன்னா அண்ணி, அட்ட ஃபுல்லா ஒட்டிட்ட? உனக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு இனிமே?"

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பசையில் ஒட்டிக்கொண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டோல கை தெரிஞ்சிதா பாப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிட ஒரு நொடிதான் ஆகும்.

"தெரிஞ்சிது" என்றேன்.

"வெரலு?"

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஐந்து மாதம் நெஞ்சில் சுமந்தது ஒரு தலையாட்டலில் போய்விட்டது. அண்ணி கத்துவாள், என் முடியைப் பிடித்து இழுப்பாள் என்று காத்திருந்தேன். இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வந்துகொண்டிருந்தது.

"உனக்கு எப்டி அண்ணி தெரியும்?" என்று கேட்டேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

"அன்னிக்கிப் போய்ட்டு வந்தியே, அதுலேர்ந்து எங்கூட ஒரு சண்ட போட்டியா நீ? உன் சார்ஜர நானே எடுத்து வெச்சிக்கினேன். ஒரு வாரம் வெச்சிக்கினேன். நீ ஒண்ணுமே கேக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி."

அடிப்பாவி, என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்! தெரிந்துகொண்டும் ஐந்து மாதமாகக் காலையில் பொட்டு வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு எதிரில் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, என்னை எதால் அடித்துக்கொள்வது? அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஏன் அண்ணி என்னை ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியே" என்றாள்.

வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், என் முகத்தையும் அதாலேயே துடைத்தாள். "அத்தகிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத. இந்தப் பண்டிகைய அவங்க பண்ணிக்கட்டும். நானும் ஒரு தபா பூ வெச்சிக்கிறேன். காணும் பொங்கல் போவட்டும். அப்பால ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போலாம்" என்று சீக்கிரமாகச் சொல்லி முடித்தாள். பிறகு குரலை உயர்த்தி, "அந்தக் கொடிய இந்தப் பக்கம் குடு பாப்பா, கோணலா ஒட்டி வெச்சிக்கீற" என்றாள்.

"நீ ஒட்டனது மட்டும் நேராவா கீது?" என்றேன். ஐந்து மாதம் கழித்து அவளிடம் நான் போட்ட முதல் சண்டை.

"ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று மாவுத் தூக்கோடு உள்ளே வந்த அம்மா சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

சாயங்காலம் நைனா தோரணத்தை முருங்கை மரத்திலிருந்து கேட் கம்பி வரைக்கும் இழுத்துக் கட்டினார். ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸிலிருந்துகூட யாரோ எட்டிப் பார்த்தார்கள். நைனா சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"ஷோக்கா கீது" என்றார். "புள்ளி எதுல வெச்ச?"

"பேப்பர்தான் நைனா" என்றேன். பொய் சொல்வது எனக்கு அவ்வளவு பழகிவிட்டிருந்தது.

மறுநாள் காலை, கேட்டுக்கு உள்பக்கம் மூன்று செங்கல் வைத்து அம்மா பானையை ஏற்றினாள். அண்ணி பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, குங்குமம் வைத்து, இரண்டு முழம் சாமந்தியைத் தலை நிறைய வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா அவளுக்கு நெட்டி முறித்தாள். பெரியம்மா ஒரு தூக்கைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தாள். தோரணத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், தூக்கோடு திரும்பிப் போய்விட்டாள். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

பால் பொங்கி வழிந்தபோது அம்மா ரோட்டைப் பார்த்து, தொண்டை நரம்பு புடைக்க, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். நைனா தட்டைத் தட்டினார். அண்ணியும் கத்தினாள், அம்மாவை விடச் சத்தமாக. எனக்குத்தான் சத்தமே வரவில்லை.

"வாயத் தொறந்து சொல்லேன்டி. பண்டிகையும் அதுவுமா இன்னா மூஞ்சி அது?" என்றாள் அம்மா.

சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். அம்மா ஒரு தலைவாழை இலையில் பொங்கல் வைத்து, இது அவனுக்கு என்று எடுத்துவைத்தாள். அதைப் பார்க்க முடியாமல் மாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

காணும் பொங்கலுக்கு அடுத்த நாள், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அண்ணியும் நானும் யூனிட் பிடித்துக் கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் லோக்கல் ரயிலை யூனிட் என்றுதான் சொல்வோம். வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. தண்டவாளம் தெரியும் என்பதால் இருக்கலாம். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில் அன்றைக்கு இருந்த அதே அதிகாரி இருந்தார். அந்தப் போட்டோவை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுத்தார். அண்ணி முதல் படங்களைப் புரட்டவில்லை. கடைசிப் படத்தை மட்டும் எடுத்து, அந்த விரல் மேல் தன் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவளுக்கு மயக்கம் வந்துவிடும் என்று நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். வரவில்லை.

"இது எங்க அண்ணன்தான் சார்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, அன்னிக்கி நீதானே வந்த? இல்லவே இல்லன்னு சொல்லிட்டுப் போன. இப்ப வந்து ஆமான்ற. எது நெஜம்? நடுவுல இன்னா நடந்துச்சி?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பொய் சொன்னேன் சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி படத்தை மேஜை மேல் வைத்துவிட்டு என் தோள் மேல் கையைப் போட்டாள்.

"அவ மேல தப்பு இல்ல சார்" என்றாள். "பொங்கல் வந்துச்சி. அவரு வர்ல."